நான்கு டிராக் கேசட்டில் ஒரு முழுப் பாட்டு: வீட்டில் அடுக்கடுக்காகப் பதிவு செய்யும் முறை

கணினியில் பதிவு செய்கிறவர்களுக்கு டிராக்குக்கு, அதாவது ஒவ்வொரு ஒலியையும் தனியாகப் பதியும் பாதைக்கு, பஞ்சமே இல்லை. கேசட்டில் மொத்தமே நான்கு. ஆனாலும் தாளம், பேஸ், இரண்டு கிட்டார், கீபோர்டு, மூன்று குரல்கள் என்று எல்லாம் உள்ள ஒரு பாட்டை ஒரே ஆள் இந்த நான்குக்குள் செய்து முடிக்க முடியும். எதை முதலில் பதிவு செய்வது, எதையெல்லாம் கலந்து ஒரே டிராக்கில் அடைப்பது, எதைக் கடைசிவரை தனியாக வைத்திருப்பது என்ற வரிசை சரியாக அமைந்தால் போதும். நல்ல மைக், நல்ல மிக்ஸர் எல்லாம் அதற்கு அப்புறம்தான். அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் வரிசையைப் பற்றியே பேசப்போகிறேன்.

முதலில் கருவி

கேசட் டேப்பின் அகலம் 3.81 மி.மீ. சாதாரண ஸ்டீரியோ கேசட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டு, மறுபக்கத்துக்கு இரண்டு என்று அந்தச் சிறிய அகலத்தில் நான்கு டிராக்குகள் ஏற்கெனவே உண்டு. 1979இல் டியாக் நிறுவனம் கொண்டுவந்த போர்ட்டாஸ்டூடியோ 144 அந்த நான்கையும் ஒரே திசையில் ஓடவிட்டது. ஒரு டிராக்கைக் கேட்டுக்கொண்டே இன்னொன்றில் பதிவு செய்யலாம், மிக்ஸரும் அதே பெட்டிக்குள் இருக்கும். டேப்பை வழக்கமான வேகமான நொடிக்கு 4.76 செ.மீ.க்குப் பதிலாக அதைப்போல் இரண்டு மடங்கில் ஓட்டியதால் ஒலித்தரமும் கூடியது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் வெளியிட்ட 'நெப்ராஸ்கா' ஆல்பம் இந்தக் கருவியில் வீட்டில் பதிவானதுதான். டாஸ்காம், ஃபோஸ்டெக்ஸ், யமஹா என்று பிறகு வந்த நான்கு டிராக் கேசட் ரெக்கார்டர்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுவே.

இதிலிருந்து இரண்டு விஷயங்களை மனதில் வையுங்கள். இந்தக் கேசட்டுக்கு மறுபக்கம் கிடையாது. திருப்பிப் போட்டால் உங்கள் பாட்டே பின்னோக்கி ஓடும். அடுத்தது நேரக் கணக்கு. பக்கத்துக்கு 30 நிமிடம் ஓடும் சி-60 கேசட், இரட்டை வேகத்தில் 15 நிமிடம்தான் ஓடும். ஒரு பாட்டுக்கு அது தாராளம். சி-120 வேண்டவே வேண்டாம். அதன் டேப் மிக மெல்லியது. பவுன்ஸ் செய்யும்போதும் (பல டிராக்குகளை ஒன்றில் கலக்கும்போதும்) பன்ச்-இன் செய்யும்போதும் (பிசகிய இடத்தை மட்டும் மறுபடி பதியும்போதும்) டேப் முன்னும் பின்னுமாக நூறு தடவை ஓடும், மெல்லிய டேப் அதைத் தாங்காது.

எந்த வகை டேப் என்று கருவியின் கையேட்டில் பாருங்கள். பெரும்பாலான நான்கு டிராக் கருவிகள் டைப் 2 எனப்படும் குரோம் டேப்புக்காகவே அமைக்கப்பட்டவை. அதில் டைப் 1 போட்டாலும் பதிவாகும், ஆனால் ஒலியின் சமநிலை மாறிவிடும்.

பழைய கருவி வாங்குகிறீர்கள் என்றால் ஒவ்வொரு டிராக்கிலும் பத்து நொடி பேசிப் பதிவு செய்து திரும்பக் கேட்டுப் பாருங்கள். நான்கும் ஒரே அளவு தெளிவாகக் கேட்க வேண்டும். டேப் உரசிச் சென்று ஒலியைப் பதியவும் படிக்கவும் செய்யும் பாகமான ஹெட்டின் முகத்தில் நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் விட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் காலப்போக்கில் தளரும், சிலவற்றில் பிசுபிசுவென்று உருகியே போயிருக்கும். அது மாற்றக்கூடிய பாகம், பயப்பட வேண்டாம். ஒரே சமயத்தில் இரண்டு டிராக்கில் மட்டும் பதிவு செய்யும் கருவிகள் உண்டு. தனி ஆளுக்கு அது ஒரு குறையே இல்லை.

துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்

ஒவ்வொரு முறை பதிவுக்கு உட்காரும் முன்பும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஹெட்டுகளையும், டேப்பை இழுக்கும் கேப்ஸ்டன் எனும் உலோகத் தண்டையும், டேப் உரசிச் செல்லும் உலோகப் பாகங்களையும் துடையுங்கள். பஞ்சில் பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். அந்தப் பழுப்பு டேப்பிலிருந்து உதிர்ந்த ஆக்சைடு. அது ஹெட்டில் படிந்தால் முதலில் காணாமல் போவது ட்ரெபிள் எனும் உயர் ஒலிகள்தான். பின்ச் ரோலர் எனும் ரப்பர் உருளைக்கு மட்டும் ஆல்கஹாலைத் தவிர்த்து, லேசாக ஈரமாக்கிய துணி போதும். ஆல்கஹால் நாளடைவில் ரப்பரை வறளச் செய்துவிடும். எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகு கேசட்டைப் போடுங்கள்.

புதுக் கேசட்டை ஒருமுறை கடைசிவரை வேகமாக ஓட்டித் திரும்பச் சுற்றிவிடுங்கள். சுருளின் இறுக்கம் சீராகும். தொடக்கத்தில் சில நொடிக்கு வரும் வெற்று நாடாவில் எதுவும் பதியாது, அதைத் தாண்டி நிறுத்திக் கவுன்ட்டரைப் பூஜ்யமாக்குங்கள். டேப்பின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் குமிழ் சரியாக நடுவில் இருக்கட்டும். முதல் டிராக்கைப் பதிவு செய்யும்போது அது நகர்ந்திருந்து, மறுநாள் நடுவுக்கு வந்தால், உங்கள் கிட்டார் எந்தச் சுருதியிலும் சேராது. இதற்கு ஒரு பாதுகாப்பு உண்டு. பாட்டுக்கு முன்னால் கீபோர்டில் ஒரே ஸ்வரத்தைப் பத்து நொடி பிடித்துப் பதிந்து வையுங்கள். பிறகு எந்த நாளில் உட்கார்ந்தாலும் வாத்தியத்தை அதற்குச் சேர்த்துக்கொள்ளலாம்.

இரைச்சல் குறைப்பு வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். டால்பி பி உயர் அதிர்வெண்களில் சுமார் 10 டெசிபல் இரைச்சலைக் குறைக்கும், டிபிஎக்ஸ் சுமார் 30 டெசிபல்வரை. எதைத் தேர்ந்தாலும் முதல் டிராக்கிலிருந்து கடைசி மிக்ஸ்வரை அதை மாற்றக் கூடாது. டிபிஎக்ஸில் பதிந்ததை டிபிஎக்ஸ் இல்லாமல் கேட்டால் ஒலி நசுங்கி, கூச்சலாகக் கேட்கும்.

எவ்வளவு சத்தமாகப் பதிவு செய்வது

கணினியில் பழகியவர்கள் மீட்டரை வெகு கீழே வைப்பார்கள். டேப்பில் அப்படிச் செய்தால் ஒலிக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி குறைந்து, 'ஸ்ஸ்' என்ற சத்தம்தான் முன்னால் நிற்கும். மறுபக்கம், டேப் எல்லையைத் தாண்டினாலும் சட்டென்று உடைவதில்லை, மெல்ல மெல்லத் தடிக்கும். அதனால் பேஸ், ரிதம் கிட்டார், குரல் போன்றவற்றை ஊசி பூஜ்யத்தைத் தொட்டுக்கொண்டும் எப்போதாவது சற்றுத் தாண்டியும் ஆடும்படி தைரியமாகப் பதியுங்கள்.

டாம்பரின், சிம்பல், ஷேக்கர் ஆகியவை விதிவிலக்கு. ஊசி மீட்டர் மெதுவானது, சராசரியைத்தான் காட்டும். டாம்பரினின் ஒவ்வொரு தட்டும் ஊசி அசையும் முன்பே உச்சத்தைத் தொட்டுவிட்டுப் போயிருக்கும். மெதுவாக ஓடும் டேப் உயர் அதிர்வெண்களை அதிகம் தாங்காது என்பதும் சேர்ந்துகொள்கிறது. எனவே இவற்றுக்கு ஊசியை −10 பக்கம் நிறுத்துங்கள். மீட்டரில் குறைவாகத் தெரியும். காதுக்குச் சரியாக இருக்கும்.

தாளை எடுங்கள்

ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு, எந்த டிராக்கில் எப்போது எது வரும் என்று எழுதுங்கள். பாட்டின் பகுதிகள் கவுன்ட்டரில் எந்த எண்ணில் தொடங்குகின்றன என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். கவுன்ட்டர் நேரத்தைக் காட்டாது, சுருளின் சுற்றுகளை எண்ணும். ஆனால் அதே கேசட்டுக்கு அந்த எண்கள் மாறாது, அது போதும்.

பவுன்ஸ் என்பது இதுதான்: 1, 2, 3 டிராக்குகளில் உள்ளதைக் கலந்து 4இல் பதிவு செய்கிறீர்கள். அப்புறம் 1, 2, 3 மூன்றும் மறுபடி காலி. 1967இல் அபே ரோடு ஸ்டூடியோவில் பீட்டில்ஸ் நான்கு டிராக் கருவிகளை வைத்துச் செய்ததும் இதன் இன்னொரு வடிவமே. ஒரு கருவியின் நான்கு டிராக்கையும் கலந்து இன்னொரு கருவியின் ஓரிரு டிராக்கில் இறக்கிவிட்டு, மிச்ச டிராக்குகளில் மேலே கட்டினார்கள்.

பவுன்ஸ் நடக்கும்போதே நீங்களும் ஒரு வாத்தியத்தை நேரடியாக வாசித்துக் கலக்கலாம். அப்போது 4ஆம் டிராக்கில் மூன்று அல்ல, நான்கு பகுதிகள் சேரும். அடுத்து 1, 2 இரண்டையும் பதிந்து, மூன்றாவதை நேரடியாக வாசித்தபடி 3க்கு அனுப்பினால் இன்னொரு மூன்று. பிறகு 1இல் பதிந்ததையும் ஒரு நேரடி வாசிப்பையும் 2க்கு அனுப்பினால் இரண்டு. கடைசியாக 1இல் ஒன்று. மொத்தம் பத்து. இதில் எந்தப் பகுதியும் ஒரு தடவைக்கு மேல் நகலாகவில்லை என்பதுதான் இந்த முறையின் அழகு.

பத்து வரை போகலாம் என்றாலும் நான் ஒன்பதில் நிறுத்தச் சொல்வேன். என் வரிசை இப்படி:

முதல் சுற்று: 1இல் டிரம் மெஷின், 2இல் ரிதம் கிட்டார், 3இல் பேஸ். டாம்பரினை நேரடியாக வாசித்துக்கொண்டே எல்லாவற்றையும் 4க்கு பவுன்ஸ் செய்யுங்கள்.

இரண்டாம் சுற்று: 1இல் கீபோர்டு, 2இல் முதல் கோரஸ் குரல். இரண்டாவது கோரஸ் குரலை நேரடியாகப் பாடிக்கொண்டே 3க்கு பவுன்ஸ் செய்யுங்கள்.

மூன்றாம் சுற்று: 1இல் முதன்மைக் குரல், 2இல் லீட் கிட்டார். இவற்றை எதனுடனும் கலக்க வேண்டாம்.

கேட்கிறவர் காது முதலில் போய் நிற்கும் இடம் முதன்மைக் குரல். அது நகலாகாமல், தனி ஃபேடரில் (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகுமிழில்), கடைசிவரை உங்கள் கைக்குள் இருக்க வேண்டும். நகலாவதால் சிறிது மங்கினாலும் பரவாயில்லை என்கிற வாத்தியங்களை முதலில் கலந்து அடைத்துவிடுங்கள்.

பவுன்ஸ் செய்யும்போது கவனிக்க வேண்டியவை

கலந்தபின் பிரிக்க முடியாது. பேஸ் சத்தம் கூடுதலாகப் போய்விட்டால், மேலே ஐந்து அடுக்கு கட்டிய பிறகும் அது அப்படியேதான் இருக்கும். ஆனால் ஒரு வழி இருக்கிறது. ஒன்றோடொன்று மோதாத அதிர்வெண்களில் உள்ள வாத்தியங்களை ஒரே டிராக்கில் சேருங்கள். முதல் சுற்றில் பேஸ் கீழே, கிட்டார் நடுவில், டாம்பரின் மேலே இருக்கிறது. கடைசி மிக்ஸில் டாம்பரின் கூடுதல் என்று தோன்றினால் ட்ரெபிளைக் குறைக்கலாம், பேஸ் போதவில்லை என்றால் கீழ்ப்பகுதியை ஏற்றலாம். ட்ரெபிளையும் கீழ்ப்பகுதியையும் மாற்றும் இந்த ஈக்யூவே ஃபேடர்போல வேலை செய்யும். இரண்டு கிட்டாரையும் கீபோர்டையும் ஒரே டிராக்கில் போட்டவருக்கு இந்த வசதி கிடையாது.

மேலே கட்டப்போகிறவை இன்னும் வராததால், பவுன்ஸின்போது பேஸும் தாளமும் தனியாகக் கேட்க அதிகமாகவே தோன்றும். குரலும் கிட்டாரும் வந்த பிறகு அவை பின்னால் போய்விடும். அதனால் அடிப்படைத் தாளத்தை, கேட்கும்போது சரி என்று படுவதைவிட ஒரு சிட்டிகை கூடுதலாகவே விடுங்கள். சந்தேகம் இருந்தால் குரலை முனகிக்கொண்டே அளவு பாருங்கள்.

மூன்று டிராக்கைச் சம அளவில் கலந்தால் அவற்றின் இரைச்சலும் சேர்ந்து, ஒரு டிராக்கைவிட சுமார் 5 டெசிபல் கூடும். அதற்கு மேல் புது டிராக்கின் சொந்த இரைச்சல். ஒரு வாத்தியம் வாசிக்காத இடங்களில் அதன் ஃபேடரைக் கீழே இறக்கி வைப்பது இதனால்தான். ட்ரெபிளும் ஒவ்வொரு நகலிலும் கொஞ்சம் போகும். அதை ஈடுகட்ட ட்ரெபிளை முதலில் பதிவு செய்யும்போதே சற்று ஏற்றிவிடுங்கள். பவுன்ஸின்போது ஏற்றினால் வாத்தியத்தோடு டேப்பின் இரைச்சலும் சேர்ந்து ஏறும். பக்கத்து டிராக்குக்கு அனுப்பும்போது ட்ரெபிள் மிகுந்தால் சில கருவிகள் கீச்சென்று ஊளையிடும். அப்படிக் கேட்டால் உடனே குறையுங்கள்.

பாட்டுக்கு முன்னால் 'ஒன், டூ, த்ரீ, ஃபோர்' என்ற எண்ணிக்கையைப் பதிந்திருப்பீர்கள். பவுன்ஸில் அதையும் சேர்த்தே அனுப்புங்கள். அதை விட்டுவிட்டு மூல டிராக்கை அழித்துவிட்டால், அடுத்த அடுக்கில் முதல் அடியை எப்போது பிடிப்பது என்று தெரியாமல் திண்டாட வேண்டிவரும்.

பவுன்ஸ் முடிந்ததும் கைகளைக் கட்டிக்கொண்டு முழுதாகக் கேளுங்கள். ஹெட்ஃபோனில் ஒருமுறை, ஸ்பீக்கரில் ஒருமுறை. டாம்பரின் எங்காவது தாளம் தவறியிருந்தால் மூல டிராக்குகள் மூன்றும் அப்படியே இருக்கின்றன, மறுபடி பவுன்ஸ் செய்யலாம். அடுத்த சுற்றின் முதல் ஸ்வரத்தைப் பதிந்துவிட்டால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். ஒரு இரவு தள்ளிப்போட்டு மறுநாள் காலையில் புதுக் காதோடு கேட்டுவிட்டு அழிப்பது இன்னும் நல்லது.

ஒரு வரி மட்டும் பிசகினால்

முழு டிராக்கையும் மறுபடி பாட வேண்டாம். பிசகிய இடத்துக்குச் சற்று முன்னாலிருந்து ஓடவிட்டு, அந்த இடம் வந்ததும் ரெக்கார்டுக்குப் போய், வரி முடிந்ததும் வெளியே வர வேண்டும். இதுதான் பன்ச்-இன். கால் சுவிட்ச் இருந்தால் கை வாத்தியத்திலேயே இருக்கும்.

வெளியே வரும் இடத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். டேப் முதலில் அழிக்கும் ஹெட்டைக் கடந்து, பிறகுதான் பதியும் ஹெட்டுக்கு வருகிறது. நீங்கள் நிறுத்தும் கணத்தில் இரண்டு ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் துண்டு அழிந்திருக்கும், ஆனால் அதில் எதுவும் பதிந்திருக்காது. அடுத்த சொல் உடனே தொடங்கினால் அதன் முதல் எழுத்து போய்விடும். பாடகர் மூச்சு வாங்கும் இடம்தான் சரியான இடம். ரெக்கார்டு போடாமல் இரண்டு மூன்று தடவை ஒத்திகை பார்த்த பிறகு செய்யுங்கள்.

மைக்கில் பதியும்போது காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோன் அவசியம். திறந்த வகையில் மற்ற டிராக்குகளின் ஒலி கசிந்து குரலோடு பதிந்துவிடும்.

நான்கு டிராக் கருவியே இல்லையென்றால்

சாதாரண ஸ்டீரியோ கேசட் டெக்கில் இடதில் ஒன்றை வைத்துக்கொண்டு வலதில் மட்டும் புதிதாகப் பதிய முடியாது. ரெக்கார்டு போட்டால் இரண்டும் சேர்ந்து அழியும். ஆனால் இரண்டு டெக்கும் ஒரு சின்ன மிக்ஸரும் இருந்தால் அடுக்கலாம். முதல் டெக்கில் ஒன்றைப் பதியுங்கள். அதை ஓடவிட்டு, கூடவே வாசித்து, இரண்டும் மிக்ஸரில் கலந்து வருவதை இரண்டாவது டெக்கில் பதியுங்கள். பிறகு இரண்டாவதை ஓடவிட்டு முதலாவதில்.

இங்கே முக்கியமான ஒன்று: கேசட்டுகளை இடம் மாற்றாதீர்கள், கேபிள்களை மாற்றுங்கள். இரண்டு டெக்குகள் ஒரே வேகத்தில் ஓடுவது அபூர்வம். ஒரு சதவீத வித்தியாசம் இருந்தாலே ஒலி அரை ஸ்வரத்தில் ஆறில் ஒரு பங்கு நகரும். எப்போதும் இரண்டாவது டெக்கில் பதிந்து, கேசட்டை எடுத்து முதலாவதில் போட்டு ஓட்டினால், ஒவ்வொரு அடுக்கிலும் அந்த நகர்வு சேர்ந்துகொண்டே போகும். மூன்று அடுக்கில் கால் ஸ்வரம் போய்விடும். எந்த டெக்கில் பதிந்ததோ அதே டெக்கில் ஓடவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை. ஹெட்டின் சாய்வுக் கோணமும் பொருந்திப்போவதால் ட்ரெபிளும் தப்பிக்கும். ரெக்கார்டு ஆகிக்கொண்டிருக்கும் டெக்கின் வெளியீட்டை மிக்ஸருக்குள் திரும்பக் கொண்டுவராதீர்கள், சுற்றி வந்து அலறும்.

இந்த முறையில் முதலில் வாசித்ததுதான் அதிகத் தடவை நகலாகும். பேஸ், கீபோர்டு கார்டுகள் போல ட்ரெபிள் அதிகம் தேவைப்படாதவற்றை முதலிலும், டாம்பரினையும் குரலையும் கடைசியிலும் வைத்து, நான்கு அடுக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஸ்பூல் டேப் கருவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். பதிவுக்கும் கேட்பதற்கும் தனித்தனி ஹெட் இருந்தால், கேட்கும் ஹெட் வழியாகப் பழைய டிராக்கைக் கேட்டபடி வாசிக்காதீர்கள். இரண்டு ஹெட்டுக்கும் 5 செ.மீ. இடைவெளி இருந்து, டேப் நொடிக்கு 19 செ.மீ. ஓடினால், புது வாசிப்பு கால் நொடிக்கு மேல் பின்தங்கிப் பதியும். பதியும் ஹெட்டையே கேட்கவும் பயன்படுத்தும் சிங்க் முறை இதற்காகத்தான் வந்தது. கிட்டார் கலைஞர் லெஸ் பாலுக்காக ஆம்பெக்ஸ் 1957இல் கொடுத்த எட்டு டிராக் கருவியிலேயே அது இருந்தது.

கடைசி மிக்ஸ்

நான்கு டிராக்கையும் ஸ்டீரியோவாக ஒரு நல்ல டெக்கிலோ கணினியிலோ இறக்குங்கள். பவுன்ஸ் ஆன தாளமும் முதன்மைக் குரலும் நடுவில், கீபோர்டும் கோரஸும் உள்ள டிராக் சற்று இடப்பக்கம், லீட் கிட்டார் சற்று வலப்பக்கம் என்று தொடங்கிப் பாருங்கள். எக்கோவோ ரிவெர்போ ஒன்றே ஒன்று இருந்தால் அதைக் குரலுக்குக் கொடுங்கள். தொடக்க எண்ணிக்கை கேட்காமலிருக்க ஃபேடர்களை இறக்கி வைத்து, முதல் அடிக்குத் திறங்கள்.

மிக்ஸின் ஒவ்வொரு அசைவையும் உங்கள் கைதான் செய்ய வேண்டும். கவுன்ட்டர் 112இல் கிட்டாரை ஏற்று, 131இல் இறக்கு என்று தாளில் எழுதி, கைக்கு வரும்வரை ஒத்திகை பாருங்கள். இரண்டு மூன்று மிக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு மறுநாள் தேர்ந்தெடுக்கலாம்.

பிறகு கேசட்டின் பின்விளிம்பில் உள்ள பாதுகாப்புத் தாவல்கள் இரண்டையும் உடைத்துவிடுங்கள். டேப்பைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை சாதாரண வேகத்தில் ஓட்டி, அப்படியே வைத்துவிடுங்கள். டிராக் தாளை மடித்துக் கேசட் பெட்டிக்குள் வையுங்கள். எந்தக் கருவி, எந்த இரைச்சல் குறைப்பு, எந்த வேகம் என்பதும் அதில் இருக்கட்டும். ஸ்பீக்கருக்குப் பக்கத்திலும் வெயில் படும் இடத்திலும் வைக்காதீர்கள்.